வில்லியம் கான்ராட்: குரல் மட்டும் போதும், ஆள் வேணாம்னு சொன்னாங்களே, அது நியாயமா?

வானொலிப்பிரியன் எழுதியது:

மக்களே வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கிடந்த விஷயம், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க. ரெண்டு மாசமா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பழைய அமெரிக்க ரேடியோ நாடகம் ஒண்ணு கேக்கறது வழக்கமாயிடுச்சு. 1940கள், 50கள்ல வந்ததுல ஏகப்பட்டது இன்னிக்கும் கேக்கக் கிடைக்குது. அதுல ஒரு குரல் மட்டும் எதைப் போட்டாலும் வந்து நிக்குது, ஒரு கதையில கொலைகாரன், அடுத்ததுல கப்பல் கேப்டன், இன்னொண்ணுல கதை தொடங்கறதுக்கு முன்னாடி நம்மள உள்ள இழுத்துட்டுப் போற அறிவிப்பாளர். அடிவயித்துலேர்ந்து வர்ற குரல், கொஞ்சம் சொரசொரப்பு, அவசரமே கிடையாது. யாருன்னு தேடிப் போனப்ப கிடைச்ச பேருதான் வில்லியம் கான்ராட்.

1920 செப்டம்பர் 27ல கென்டக்கி மாநிலம் லூயிவில்ல பொறந்தவர். சொந்தப் பேரு ஜான் வில்லியம் கேன். அப்பா அம்மா சினிமா தியேட்டர் வச்சிருந்தவங்க. பள்ளிக்கூட வயசுலயே குடும்பம் தெற்கு கலிபோர்னியாவுக்கு வந்துடுது, அங்க ஃபுல்லர்டன் காலேஜ்ல படிக்கறார், அப்பறம் லாஸ் ஏஞ்சலஸ்ல கேஎம்பிசி ரேடியோ ஸ்டேஷன்ல வேலை. அறிவிப்பு, எழுத்து, டைரக்‌ஷன்னு எல்லாத்தையும் அங்கதான் பண்ணிப் பழகறார். இரண்டாம் உலகப்போர்ல போர் விமானம் ஓட்டப் போனவர், ராணுவத்த விட்டு வரும்போது கேப்டன். ராணுவ வீரர்களுக்கான ரேடியோ சர்வீஸ்ல தயாரிப்பாளரா டைரக்டரா இருந்துட்டுத்தான் வெளிய வர்றார்.

அதுக்கப்பறம் ரேடியோவுல அவர் பண்ணினதுக்கு கணக்கே இல்லை. 7,500 வேஷத்துக்கு மேல இருக்கும்னு அவரே சொல்லியிருக்கார். ஆனா அந்த ஆயிரக்கணக்குல ஒண்ணே ஒண்ணு போதும், கன்ஸ்மோக்ங்கற கௌபாய் காலத்துத் தொடர். 1952 ஏப்ரல் 26ல சிபிஎஸ் ரேடியோவுல தொடங்குது, 1961 ஜூன் வரைக்கும் ஓடுது, மேட் டில்லன்ங்கற மார்ஷல், அதாவது ஊர்ல சட்டத்தைக் காக்கற அதிகாரி வேஷம், 1870கள்ல கேன்சஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டி. ஒன்பது வருஷம் இந்தக் குரல்தான் டில்லன். 1955ல டிவிக்குப் போகும்போது கதை போகுது, பேரு போகுது, அந்த ஊரே போகுது, குரல் மட்டும் போகல. காரணம், உடம்பு. குண்டா, கட்டையா இருக்கற ஆளு மார்ஷலா இருந்தா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு இது ஆறவே மாட்டேங்குது. உங்க கருத்து என்ன, கேக்கணும்னு ஆசை.

சுந்தர்77 எழுதியது:

நல்ல பதிவு ப்ரோ. ஒரு சந்தேகம், கன்ஸ்மோக் டிவியிலதான மொதல்ல வந்துச்சு? அதுல ஹிட் ஆனதுனாலதான் ரேடியோவுல போட்டாங்கன்னு எங்கயோ படிச்ச ஞாபகம்.

வானொலிப்பிரியன் எழுதியது:

இல்ல ப்ரோ, ரேடியோதான் மொதல்ல. மூணு வருஷம் கழிச்சு 1955 செப்டம்பர்ல டிவி, முதல் எபிசோடுக்கு ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்னே வந்து முன்னுரை சொல்லி, டிவியில டில்லனா நடிச்ச ஜேம்ஸ் ஆர்னெஸ அறிமுகப்படுத்தினார். அதுக்கப்பறமும் ஆறு வருஷம் ரெண்டும் ஒரே சமயத்துல ஓடுச்சு, அதாவது ஒரே வாரத்துல டிவியில ஒரு டில்லன், ரேடியோவுல இன்னொரு டில்லன். கான்ராட் எந்த மனசோட அந்த ஆறு வருஷம் மைக் முன்னாடி நின்னாரோன்னு நெனச்சாலே எனக்கு என்னமோ பண்ணுது.

கரிசல்காட்டான் எழுதியது:

அண்ணே உங்க வருத்தம் புரியுது, ஆனா நான் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. டிவி கன்ஸ்மோக் 20 சீசன் ஓடுச்சு, 635 எபிசோடு. ஜேம்ஸ் ஆர்னெஸ் ஆறே முக்கால் அடிக்கு கொஞ்சம் கம்மி, கதவுக்குள்ள குனிஞ்சு வர்ற உசரம், ஒரு ஃப்ரேம்ல அவர் வந்து நின்னாலே அந்த ஊர்ல சட்டம் வந்து நின்ன மாதிரி இருக்கும். டிவிங்கறது கண்ணுக்கான மீடியம், அங்க போய் காது கேட்டத தேடினா எப்படி? கான்ராட் பெரிய கலைஞர், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த முடிவ தப்புன்னு சொல்றதுக்கு 20 வருஷ வெற்றி குறுக்க நிக்குதே.

டப்பிங் மேகலா எழுதியது:

நான் டப்பிங் லைன்ல பதினஞ்சு வருஷமா இருக்கேன், அதனால என் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சொல்லிக்கறேன். அறிவிப்பாளர் வேற நடிகர் வேறன்னு நாம பிரிச்சுப் பாக்கறோம்ல, அந்தக் கால அமெரிக்க நெட்வொர்க் ரேடியோவுலயும் அது தனித்தனி வேலைதான். அறிவிப்பாளர் நிகழ்ச்சி பேரைச் சொல்லுவார், ஸ்பான்சர் விளம்பரத்தை வாசிப்பார், கடைசியில நடிச்சவங்க பேரெல்லாம் சொல்லி இது சிபிஎஸ்னு முடிப்பார். பொதுவா அவர் கதைக்குள்ள காலை வைக்க மாட்டார். கான்ராட் அந்தக் கோட்டை தாண்டி ரெண்டு பக்கமும் நடமாடினவர். எஸ்கேப்னு ஒரு தொடர், 1947ல தொடங்கினது, அதோட முன்னுரையை அவரும் பால் ஃப்ரீஸும் மாத்தி மாத்திப் பேசுவாங்க, பேசி முடிச்சுட்டு அவங்களே கதைக்குள்ளயும் நடிப்பாங்க. கேட்டுப் பாருங்க, முன்னுரையில மைக்கை ஒட்டி நின்னு பேசற மாதிரி இருக்கும், கதைக்குள்ள வந்ததும் அதே குரல் ஒரு ரூமுக்குள்ள போன மாதிரி தள்ளிப் போயிடும்.

அது மாயம் இல்ல, தொழில். அப்ப அவங்க வச்சிருந்தது ரிப்பன் மைக், ஆர்சிஏ கம்பெனி பண்ணின பெரிய மைக். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நல்லா கேக்கும், ரெண்டு பக்கவாட்டுல கேக்கவே கேக்காது. அதனால நடிகர்கள் ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு மூஞ்சியைப் பாத்துப் பேசலாம். கதவைத் திறந்து தூரத்துலேர்ந்து வர்ற மாதிரி வேணும்னா அந்தக் கேக்காத பக்கத்துலேர்ந்து பேசிக்கிட்டே நடந்து வந்தா போதும். கிட்ட போகப் போக குரல்ல கீழ் சுரம் ஏறும். ஏற்கனவே கனமான குரல் இருக்கறவங்க ரொம்பக் கிட்ட போனா வார்த்தை குழைஞ்சு போயிடும், எங்கள்ல பல பேர் பண்ற தப்பு அதுதான். கான்ராட்ட ஒரு வார்த்தை கூட குழையாது. கடைசி மெய்யெழுத்து வரைக்கும் தெளிவா விழும். அதைப் பழகறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

வானொலிப்பிரியன் எழுதியது:

மேகலா அக்கா, இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியாம இருந்துச்சு. ரொம்ப நன்றி.

கரிசல், உங்களுக்கு வர்றேன். 20 வருஷம் ஓடினத நான் மறுக்கல. ஆனா ஓடினது அதே டில்லன் இல்லைங்கறதுதான் என் பாயிண்ட். ரேடியோ டில்லன் தொடக்கத்துலயே தன்னைப் பத்திச் சொல்லும்போது, இந்த வேலை ஒரு ஆளை எப்பவும் உஷாரா வச்சிருக்கும், கொஞ்சம் தனிமையாவும் ஆக்கிடும்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு வரி வரும். அந்தத் தனிமைங்கற எடத்துக்கு முன்னாடி கான்ராட் ஒரு சின்ன மூச்சு விடுவார் பாருங்க, அதுலயே அந்த ஆளோட மொத்த வாழ்க்கையும் வந்துடும். ஜான் மெஸ்டன் எழுதின கதைகள்ல நல்லவன் சாவான், கெட்டவன் சில சமயம் தப்பிச்சுடுவான், டில்லன் சுட்டு ஜெயிச்சுட்டு அந்த ஜெயிப்பு மேலயே வெறுத்துப் போய் நிப்பான். பெரியவங்களுக்கான வெஸ்டர்ன், அதாவது கௌபாய் கதை வேணும்னே மெஸ்டனும் தயாரிப்பாளர் நார்மன் மெக்டானலும் சேர்ந்து பண்ணினது அது.

சத்தமும் அப்படித்தான். ஒருத்தன் ரோட்டைத் தாண்டி பலகை நடைபாதையில ஏறி வந்து கதவைத் திறக்கறான்னா அத்தனை காலடியும் கேக்கும், யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. அந்த நேரத்துக்கு வசனமே இருக்காது. டாம் ஹான்லி, ரே கெம்பர், பில் ஜேம்ஸ்னு சவுண்ட் எஃபெக்ட் ஆளுங்க பேரெல்லாம் இன்னிக்கும் பேசறாங்கன்னா அதுக்குக் காரணம் இருக்கு. அந்த அமைதிக்கு அப்பறம் ஒரு குரல் வரணும்னா அது கான்ராட் மாதிரி கனமா இருந்தாத்தான் தாங்கும்.

இன்னொண்ணு, ரேடியோவுலயே அவரை எடுக்க சிபிஎஸ்ஸுக்கு மொதல்ல இஷ்டமில்லை. எங்க பாத்தாலும் இவர் குரல்தான், ஜனங்களுக்குச் சலிச்சுடும்னு யோசிச்சாங்க. மெக்டானல்தான் இவரேதான் வேணும்னு நின்னார். ஆக மொதல்ல குரல் ரொம்பத் தெரிஞ்ச குரல்னு தயங்கினாங்க, பின்னாடி உடம்பு வேஷத்துக்குப் பொருந்தலைன்னு ஒதுக்கிட்டாங்க.

நிலாமுற்றம் எழுதியது:

இந்த இழையை நேத்துலேர்ந்து படிச்சிட்டிருக்கேன். அவர் மட்டும் இல்லையே, ரேடியோவுல செஸ்டரா பண்ணின பார்லி பேர், டாக்டரா பண்ணின ஹோவர்ட் மெக்நியர், கிட்டியா பண்ணின ஜார்ஜியா எல்லிஸ், இவங்க ஒருத்தரையும் டிவியில எடுக்கலையே? அதைப் பத்தியும் சொல்லணும்ல. ஒரு டீமா மூணு வருஷம் சேர்ந்து உருவாக்கின மனுஷங்க. டாக்டருக்கு ஆடம்ஸ்னு பேரு வச்சதே கான்ராட் சொன்ன யோசனைதான், பேயும் சாவுமா கார்ட்டூன் போட்ட சார்லஸ் ஆடம்ஸ மனசுல வச்சு. ஆரம்ப எபிசோடுல அந்த டாக்டர் பொணம் விழுந்தா பிரேதப் பரிசோதனை ஃபீஸ் வரும்னு சந்தோஷப்படற ஆளு, அதனால பேரு அவ்வளவு பொருத்தம். அந்தப் பேரு டிவிக்குப் போச்சு, இருபது வருஷம் வாழ்ந்துச்சு, பேரு வச்சவர் போகல.

கரிசல்காட்டான் எழுதியது:

நிலா, இது எனக்குத் தெரியாது. சரி, ஒரு படி இறங்கி வர்றேன். மத்தவங்களையும் எடுக்கலங்கறப்ப உடம்பு மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதோன்னு தோணுது. டிவி பக்கம் பொறுப்பா வந்த சார்லஸ் மார்க்விஸ் வாரன் சினிமா டைரக்டர், அவர் புதுசா ஒரு கூட்டத்தோட பண்ணனும்னு நெனச்சிருக்கலாம். எல்லாத்தையும் குண்டுங்கறதுல கொண்டுபோய் நிறுத்தினா மத்த காரணம் மறைஞ்சுடும்.

வானொலிப்பிரியன் எழுதியது:

நியாயமான கேள்வி கரிசல். ஆனா இதையும் பாருங்க. 1948 ஜனவரியில எஸ்கேப் தொடர்ல லைனிங்கன்னு ஒரு தோட்டக்காரன் கதை, பிரேசில் காட்டுல கோடிக்கணக்கான எறும்பு படையெடுத்து வருது, அவன் ஓட மாட்டேன்னு நின்னு சண்டை போடறான். லைனிங்கனா நடிச்சது கான்ராட். அரைமணி நேரம், எனக்குத் தெரிஞ்சு ரேடியோ நாடகத்துல அதுக்கு மேல ஒண்ணு இல்லை. 1954ல அதே கதை சினிமாவா வந்துச்சு, தி நேக்கட் ஜங்கிள். ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டன். கான்ராட்டும் அதே படத்துல இருக்கார், ஆனா கமிஷனர்னு ஒரு துணை வேஷத்துல. தான் குரல்ல உயிர் குடுத்த ஆளு வேஷத்தை இன்னொருத்தர் போட்டிருக்க, அதே செட்டுல இவர் பக்கத்துல நின்னு வசனம் பேசிட்டு வந்திருக்கார். அதுக்கு அடுத்த வருஷம் கன்ஸ்மோக். ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவை.

சினிமா அவருக்கு என்ன குடுத்துச்சுன்னா அடியாள், ரௌடி, இன்ஸ்பெக்டர். 1946ல தி கில்லர்ஸ் படம் தொடங்கறப்ப ஒரு சின்ன ஹோட்டலுக்குள்ள ரெண்டு கொலைகாரங்க வருவாங்கள்ல, சார்லஸ் மெக்ராவும் இவரும். பர்ட் லங்காஸ்டருக்கு அதுதான் முதல் படம். அந்த ஹோட்டல் காட்சியில லங்காஸ்டர் கிடையாது, கத்தாம கொள்ளாம மிரட்டற இவங்க ரெண்டு பேரும்தான் அந்தக் காட்சிய தூக்கி நிறுத்தறாங்க. சாதாரணமா என்ன சாப்பிட இருக்குன்னு கேக்கறதுலயே பயம் வருது.

ராத்திரிஷிப்ட் எழுதியது:

அண்ணே நான் இந்தப் பேரையே இப்பத்தான் கேக்கறேன், ஆனா போட்டோ பாத்ததும் புரிஞ்சுடுச்சு, கேனன்! எங்க மாமா கிட்ட பழைய கேசட் நெறைய இருந்துச்சு, அதுல துப்பறியற குண்டு மாமா ஒருத்தர் பெரிய கார்ல வருவாரே, அவர்தானா?

வானொலிப்பிரியன் எழுதியது:

அவரேதான் தம்பி. 1971லேர்ந்து 76 வரைக்கும் அஞ்சு சீசன். அதே சிபிஎஸ்தான், தம்பி, அதே சேனல். பதினாறு வருஷம் முன்னாடி ஸ்க்ரீனுக்கு ஆகாதுன்னு சொன்ன உடம்பை, அம்பது வயசுல அவங்களே தொடரோட நாயகனா கொண்டுவந்து நிறுத்தினாங்க. தயாரிச்சது க்வின் மார்ட்டின். அவரோட கம்பெனிதான் 1963ல தி ஃபியூஜிடிவ் தொடரைப் பண்ணினது, அதுக்கு வாராவாரம் பின்னணிக் குரல் யாருன்னு நெனக்கறீங்க, கான்ராட். பண்ணாத கொலைக்கு ஓடிக்கிட்டிருக்கற டாக்டரோட கதை. 1967 ஆகஸ்ட் 29ல கடைசி எபிசோடு, அதுவரைக்கும் அமெரிக்க டிவியில எந்த எபிசோடையும் அத்தனை பேர் பாத்ததில்லை. அதோட கடைசி வாக்கியம் இவருது, அன்னிக்குத் தேதியைச் சொல்லி ஓட்டம் நின்னுதுன்னு முடிப்பார். நாடே டிவி முன்னாடி உக்காந்திருக்கு, கேக்கறது இவர் குரல், தெரியறது இன்னொருத்தர் மூஞ்சி.

டப்பிங் மேகலா எழுதியது:

ஃபியூஜிடிவ் குரலையும் ராக்கி அண்ட் புல்விங்கிள் கார்ட்டூனோட கதைசொல்லிக் குரலையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. ரெண்டும் ஒரே மனுஷன். கார்ட்டூன்ல சுரம் மேல ஏறியிருக்கும், வேகம் ரெண்டு மடங்கு, மூச்சு முட்ட முட்ட பரபரப்பா ஓடிக்கிட்டே இருக்கும், அந்த அணிலும் மான் மாதிரி இருக்கற மூஸும் இவர்கிட்டயே திரும்பிப் பேசும். கனமான குரல் இருக்கறவங்களுக்கு மேல்சுரத்துல வேகமா பேசறது தொண்டையைக் கிழிக்கற வேலை. 1959லேர்ந்து 64 வரைக்கும் பண்ணியிருக்கார், அதுல ரெண்டு வருஷம் கன்ஸ்மோக்கும் கூடவே. ஒரு நாள் டாட்ஜ் சிட்டி மார்ஷல், இன்னொரு நாள் அணிலோட வழக்காடற ஆளு. ஒருத்தருக்கு ஒரே குரல்தான்னு சொல்றவங்க இதைக் கேக்கணும்.

நிலாமுற்றம் எழுதியது:

எனக்கு கேனன்ல பிடிச்சது அவங்க உடம்பை மறைக்கலங்கறது. அந்த ஆளு சமைப்பார், ருசிச்சு சாப்பிடுவார், மூச்சு வாங்க ஓடுவார், அடியும் வாங்குவார், அறிவும் இருக்கும். குண்டுங்கறது அவரோட ஒரு குணம் மாதிரி வந்துட்டுப் போகும், கதை அவர் மூளையில நடக்கும். ஆனா 1987ல வந்த ஜேக் அண்ட் தி ஃபேட்மேன் தலைப்புலயே குண்டன்னு வச்சுட்டாங்களே, அது எனக்கு உறுத்துது. அஞ்சு சீசன் ஓடின தொடர், அதுல அவர் அரசு வக்கீல், கூடவே ஒரு நாய், பாதி நேரம் உக்காந்தே பேசுவார். நல்லாத்தான் பண்ணியிருக்கார். இருந்தாலும் அந்தப் பேரைப் பாக்கும்போதெல்லாம் இவ்வளவு பெரிய கலைஞனை இப்படியா கூப்பிடறதுன்னு தோணும்.

கரிசல்காட்டான் எழுதியது:

நிலா சொன்னதுல எனக்கு முழுச் சம்மதம். நான் நேத்து ராத்திரி ஒரு காரியம் பண்ணினேன், ரேடியோ கன்ஸ்மோக் நாலு எபிசோடு வரிசையா கேட்டேன். ஆர்னெஸ் மேல எனக்கு இருக்கற மரியாதை குறையல. ஆனா வானொலி அண்ணன் சொன்ன அந்த மூச்சு, அதைக் கேட்டேன். டிவி டில்லனைப் பாத்தா இவன் இருக்கான், ஊருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோணும். ரேடியோ டில்லனைக் கேட்டா இவனுக்கு என்ன ஆகுமோன்னு தோணுது. ரெண்டும் வேற வேற ஆளுங்கறத ஒத்துக்கறேன். நான் 20 வருஷ வெற்றியைச் சொன்னேன்ல, அது எடுத்ததோட கணக்கு, எடுக்காம விட்டதுக்கு கணக்கு கிடையாதுன்னு இப்ப புரியுது.

வானொலிப்பிரியன் எழுதியது:

கரிசல், நாலு எபிசோடு கேட்டுட்டு வந்து இதைச் சொன்னீங்க பாருங்க, இந்த இழை போட்டதுக்கு எனக்கு இதுவே போதும்.

விட்டுப்போனது சிலது சொல்லிடறேன். கான்ராட் உடைஞ்சு உக்காரல. கேமராவுக்குப் பின்னாடி போனார். டிவி எபிசோடுகள் நெறைய டைரக்ட் பண்ணினார், அதுல டிவி கன்ஸ்மோக்கே ரெண்டு எபிசோடு உண்டு, தன்னை வேணாம்னு சொன்ன அதே ஊருக்குள்ள டைரக்டரா போயிருக்கார். வார்னர் பிரதர்ஸுக்கு 1965ல மட்டும் மூணு த்ரில்லர் படம் டைரக்ட் பண்ணினார். அந்த ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னர் இவருக்கு ஒரு பரிசு குடுத்தார், 1941ல வந்த மால்டீஸ் ஃபால்கன் படத்துக்காகச் செஞ்ச ஈயப் பருந்து பொம்மை. அது வருஷக்கணக்கா இவர் வீட்டு அலமாரியில இருந்துச்சு. இவர் 1994 பிப்ரவரி 11ல லாஸ் ஏஞ்சலஸ்ல இதய நோயால இறந்தார், வயசு 73. அந்த வருஷ டிசம்பர்லயே பொம்மை ஏலத்துக்கு வந்து 3,98,500 டாலருக்குப் போச்சு. மூணு வருஷம் கழிச்சு 1997ல தேசிய ரேடியோ புகழ் மன்றத்துல இவர் பேரைச் சேர்த்தாங்க. உயிரோட இருக்கும்போதே சேர்த்திருக்கலாம்.

ராத்திரிஷிப்ட் எழுதியது:

அண்ணே எனக்கு இங்கிலீஷ் வேகமா பேசினா புரியாது, எதுல ஆரம்பிக்கட்டும்? வேலை ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு, நடுவுல ஒரு மணி நேரம் சும்மாதான் இருப்பேன்.

டப்பிங் மேகலா எழுதியது:

தம்பி, அந்த எறும்புக் கதையை எடுங்க. கதை தெரிஞ்சுட்டதால வார்த்தை விட்டுப் போனாலும் பிடிச்சுக்கலாம், தவிர கான்ராட் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தித்தான் சொல்லுவார். ஹெட்செட் போட்டுக் கேளுங்க.

ராத்திரிஷிப்ட் எழுதியது:

கேட்டேன் அக்கா. விடியக்காலை மூணு மணி. எல்லாம் புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். கடைசியில அவர் எறும்புக்கு நடுவுல தண்ணி மதகைத் திறக்க ஓடுவார்ல, அப்ப குரல் உடைஞ்சு வரும்போது நான் என்னையறியாம என் கையைத் தட்டி விட்டுக்கிட்டேன். எந்திரிச்சு லைட்டைப் போட்டுட்டு மறுபடியும் முதல்லேர்ந்து கேட்டேன். இன்னிக்கு ராத்திரிக்கு கன்ஸ்மோக் எந்த எபிசோடுன்னு சொல்லுங்க.

வானொலிப்பிரியன் எழுதியது:

முதல் எபிசோடுலேர்ந்தே வா தம்பி. பில்லி தி கிட்னு பேரு, 1952 ஏப்ரல். கான்ராட் கூட நடிச்சவங்களுக்கும் ஒரு காது குடு.